‘நோ ரஷ்’ என்றால் எவ்வளவு அவசரம்?

என் அண்ணி பி.ஏ. ஆங்கில இலக்கியம் படித்தவர். நான் பதினொன்றாம் வகுப்பில் பாதியிலேயே எழுந்து வந்தவன். இருந்தும் அவருக்கு இங்கிலீஷ் வாத்தியாராக இருக்கும் பாக்கியம் எனக்கு ஒரு வாரம் கிடைத்தது. தினமும் வீட்டுக்குத் திரும்பும் வழியில், கோட்டக்குப்பத்தில் வண்டியை நிறுத்தி எனக்கு பஜ்ஜி வாங்கித் தர வேண்டும். அதுதான் சம்பளம். வாத்தியாருக்கு மரியாதையும் உண்டு என்று நான் ஞாபகப்படுத்தினேன்.

“மரியாதை கேட்டா பஜ்ஜி கெடையாது கொழுந்தனாரே” என்றார் அண்ணி.

மரியாதையை விட்டுக்கொடுத்தேன்.

எங்கள் வீடு பிள்ளைச்சாவடியில். அப்பாவும் அண்ணனும் கடலுக்குப் போகிறவர்கள். அம்மா மீன் விற்கிறார். கடல் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை, பள்ளிக்கூடத்துக்கு நான் ஒத்துக்கொள்ளவில்லை. அதனால் டவுனில், கால்வாய்க்குக் கிழக்கே, டூரிஸ்ட்டுகளுக்கு ஸ்கூட்டரும் சைக்கிளும் வாடகைக்கு விடும் கடையில் இருக்கிறேன்.

அண்ணி தவளக்குப்பத்துக்காரர், விவசாயக் குடும்பம். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து வேலை தேடிக்கொண்டே இருந்தார். போன இடத்திலெல்லாம் “சொல்லி அனுப்புறோம்” என்றார்கள். யாரும் சொல்லவும் இல்லை, அனுப்பவும் இல்லை. ஒருநாள் அண்ணன் சாப்பிடும்போது தட்டைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

“இது ஒண்ணு பாத்துடு. இதுவும் ஆவலன்னா அலைய வேணாம். அம்மாகூட மார்க்கெட்டுக்குப் போ.”

அண்ணி மீன் விற்பதைக் கேவலமாக நினைப்பவர் இல்லை. அந்த வேலைக்கு வேண்டிய வாய் அவருக்கு இல்லை, அவ்வளவுதான். ஒரு தடவை அம்மாவுக்குப் பதிலாகக் கூடையின் முன்னால் உட்கார்ந்தார். வந்தவர்கள் கேட்ட விலைக்கெல்லாம் தலையை ஆட்டினார். போதாததற்கு ஆளுக்கு ரெண்டு சங்கரா கூடுதலாகவும் போட்டு அனுப்பினார். அம்மா வந்து பார்த்துவிட்டு, “நீ வூட்டுக்குப் போ கண்ணு, நான் பொழைக்கணும்” என்றார். ‘முடியாது’ என்ற சொல் அண்ணியின் வாயில் வரவே வராது. அப்படிப்பட்டவரை மார்க்கெட்டில் உட்காரவைப்பது அவருக்கும் நல்லதில்லை, மீனுக்கும் நல்லதில்லை.

அண்ணன் சொன்ன அந்த ‘இது ஒண்ணு’, எங்கள் கடை இருக்கும் தெருவின் கோடியில் இருக்கும் விருந்தினர் விடுதி. மஞ்சள் சுவர், உள்ளே ஒரு முற்றம், மேலே சில அறைகள். நடத்துகிறவர் பல வருஷம் பிரான்ஸில் இருந்துவிட்டுத் திரும்பி வந்த அம்மாள். தெருவே அவரை மதாம் என்றுதான் கூப்பிடும். எதைப் பேச ஆரம்பித்தாலும் முதலில் ‘அலோர்’ என்பார். நம்ம ‘அப்புறம்’ மாதிரிதான். ஆனால் அதை அவர் சொல்லும் தினுசிலேயே வரப்போவது பாராட்டா, திட்டா என்று தெரிந்துவிடும்.

“அலோர், சர்ட்டிபிகேட் நல்லா இருக்கு” என்று அவர் அண்ணியிடம் சொன்னாராம். “ஆனா வர்றவங்க புக்குல இருக்கிற மாதிரி பேச மாட்டாங்க. ஒரு வாரம் ரிசப்ஷன்ல உக்காரு. அவங்க சொல்றது உனக்குப் புரியுதான்னு பாக்குறேன்.”

முதல் நாளே சோதனை. மேலே தங்கியிருந்த ஒரு பையன் பையை மாட்டிக்கொண்டு இறங்கி வந்து, “ஹிட் த ரோட் பண்ணப் போறோம்” என்ற அர்த்தத்தில் ஏதோ சொல்லியிருக்கிறான். அண்ணி பதறிப்போய், “சார், ரோட்டில் ஏதாவது பிரச்சினையா?” என்று சுத்தமான இலக்கண ஆங்கிலத்தில் கேட்டிருக்கிறார். சாயங்காலம் வண்டியில் ஏறியதும் முதல் கேள்வி அதுதான்.

“ரோட்டை எதுக்குடா அடிக்கணும்?”

“கெளம்புறோம்னு அர்த்தம் அண்ணி.”

“உனக்கு எப்படித் தெரியும்?”

“அப்படிச் சொன்னவங்க யாரும் என் கடையில இதுவரைக்கும் உக்காந்ததே இல்ல. அடுத்த நிமிஷம் ஸ்டார்ட்டர்தான்.”

என் படிப்பு முழுக்க அந்த வழியில் வந்ததுதான். யாரிடமும் அர்த்தம் கேட்டதில்லை. கேட்டால் கௌரவம் என்ன ஆவது? ஒருவர் ஒன்றைச் சொன்ன பிறகு அவர் கை என்ன செய்கிறது, கால் எந்தப் பக்கம் போகிறது என்று பார்ப்பேன். ‘ஹேங் ஆன்’ என்றால் ஒரு விரலைத் தூக்குவார்கள். அப்படியென்றால் பொறு. ‘ஐ ஆம் ப்ரோக்’ என்றால் பின் பாக்கெட்டைத் தட்டிக் காட்டுவார்கள். காசு காலி. ‘இட்ஸ் ஆன் மீ’ என்பவன் உடனே பர்ஸை எடுப்பான், கூட இருப்பவன் எடுப்பது போல நடிப்பான். ‘கால் இட் எ டே’ என்றால் ஹெல்மெட் மேஜைக்கு வரும், சாவி கைக்கு வரும், இன்றைக்கு இது போதும். ‘பீஸ் ஆஃப் கேக்’ என்றால் அல்வா சாப்பிடுவது போல சுலபம். ஆனால் கியர் வண்டி ஓட்டத் தெரியுமா என்று கேட்டதற்கு அப்படிச் சொன்ன ஒரு ஆளை, அடுத்த வேகத்தடையில் நாலு பேர் தூக்கி நிறுத்தினோம். ஆகவே அந்தச் சொல்லுக்கு நான் தனியாக அட்வான்ஸ் வாங்குவேன்.

அண்ணி பின்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பார். சிக்னலில் பக்கத்து வண்டிக்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

“அண்டர் த வெதர்னா?”

“நேத்து ஓட்டுன வண்டியை இன்னிக்குக் காலையிலேயே திருப்பிக் குடுப்பாங்க. மூஞ்சி வெளுத்துப் போயிருக்கும். மருந்துக்கடை எங்கன்னு கேப்பாங்க.”

“உடம்பு சரியில்லயா? வானத்துக்கும் உடம்புக்கும் இன்னா சம்பந்தம்?”

“உங்க வாத்தியாருங்களைக் கேளுங்க. நான் வண்டி வாடகைக்கு வுடுறவன்.”

‘யூ ரியலி ஷுட்னாட் ஹாவ்’ என்பதையும் அந்த வாரம்தான் சொல்லிக்கொடுத்தேன். ஒரு தடவை ஒரு வெள்ளைக்காரத் தம்பதிக்கு வெயிலுக்கு இதமாக எளநி வாங்கிக் கொடுத்தேன். அந்த அம்மா நெஞ்சில் கை வைத்து அப்படிச் சொன்னார். சொல்லிவிட்டு ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தார். வழுக்கையைச் சுரண்ட ஸ்பூன் வேறு கேட்டார்.

“அட, நம்ம ‘எதுக்குங்க இதெல்லாம்’!” என்றார் அண்ணி.

“அதேதான்.”

இருவருக்கும் சந்தோஷம். உலகம் முழுக்க மனுஷன் ஒரே மாதிரிதான் என்று பஜ்ஜி தின்றுகொண்டே முடிவு செய்தோம்.

விடுதியில் அப்போது இங்கிலாந்திலிருந்து ஒரு பெண்மணி தனியாகத் தங்கியிருந்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். என் கடையில்தான் சைக்கிள் எடுப்பார். பழைய வீடுகளின் கதவுகளை மட்டும் உட்கார்ந்து வரைவார், வீட்டை வரையமாட்டார். ஏன் என்று கேட்டால் சிரிப்பார். அதிர்ந்து பேசமாட்டார். காற்று இறங்கிய சைக்கிளைக் கொடுத்தாலும் ‘நாட் டு வரி’ என்பார்.

வாரத்தின் நடுவில் ஒருநாள் காலை, அவர் அறையிலிருந்து ரிசப்ஷனுக்கு போன் செய்து, இன்றைக்கு லேசாக அண்டர் த வெதர், சைக்கிள் வேண்டாம் என்று கடைக்குச் சொல்லிவிட முடியுமா என்று கேட்டார். அண்ணி எனக்கு போன் செய்தபோது குரலில் பரீட்சையில் தெரிந்த கேள்வி வந்த குதூகலம்.

“வந்துடுச்சுடா! அண்டர் த வெதர் வந்துடுச்சு!”

“கேட்டதும் இன்னா பண்ணீங்க?”

“உடம்ப பாத்துக்கங்கன்னு சொன்னேன். பாவம்டா, தனியா கெடக்குறாங்க.”

அர்த்தம் நூற்றுக்கு நூறு சரி. அதற்குப் பிறகு நாங்கள் செய்ததும் சரிதான், எங்கள் ஊர்க் கணக்கில். உடம்பு சரியில்லாதவரைத் தனியாக விடுவது எங்கள் பக்கம் பெரிய அவமரியாதை. போய்ப் பார்க்க வேண்டும், கையில் எதையாவது எடுத்துப் போக வேண்டும், எப்போது ஆரம்பித்தது, என்ன சாப்பிட்டீர்கள் என்று முதலிலிருந்து கேட்க வேண்டும். அண்ணி முதலில் பன்னும் பாலும் கொண்டுபோனார். “யூ ரியலி ஷுட்னாட் ஹாவ்” என்றார் அந்தப் பெண்மணி. அண்ணிக்கு உற்சாகம் வந்துவிட்டது. பின்னாலேயே அறை சுத்தம் செய்யும் அக்காவும் வாட்ச்மேனும் போய்ப் பார்த்தார்கள்.

மத்தியானம் நான் வீட்டில் இதைச் சொன்னபோது அம்மா மீன் கூடையை அப்படியே வைத்தார்.

“ஒத்தப் பொம்பள ஜுரத்துல கெடக்குறா, நீ வந்து சோறு துன்னுகினு இருக்கிறியா? வண்டிய எடு.”

மிளகு ரசத்தோடும் குழைந்த சோற்றோடும் அம்மாவே வந்தார். மதாம் அப்போது வெளியே போயிருந்தார். அறைக்குள் நாங்கள் ஐந்து பேர். அம்மா அந்தப் பெண்மணியின் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார், விபூதி பூசினார், ரசத்தை டம்ளரில் ஊற்றிக் கையில் கொடுத்தார்.

“ப்ளீஸ், டோன்ட் கோ டு எனி ட்ரபிள்” என்றார் அவர்.

“இன்னா சொல்லுது?” என்றார் அம்மா.

“நமக்கு எதுக்கு சிரமம்னு கேக்குறாங்க அத்தே” என்றார் அண்ணி.

“இதுல இன்னாடி சிரமம்? குடிக்கச் சொல்லு.”

குடித்தார். கண்ணில் தண்ணீர் வந்தது. அம்மா என் பக்கம் திரும்பி, “பாத்தியா, சளி எறங்குது” என்றார். உப்பும் மிளகாயும் சுற்றிப்போட வேண்டும் என்று அம்மா சொன்னதை நான் தடுத்துவிட்டேன். அந்த அளவுக்கு எனக்கு உலக ஞானம் உண்டு. சாயங்காலம் அண்ணி இட்லி கொண்டுபோனார். ராத்திரி வாட்ச்மேன் மறுபடியும் போய் ஆரஞ்சுப்பழம் கொடுத்தார். ஒவ்வொரு தடவையும் அந்தப் பெண்மணி அதே சொல்லைத்தான் சொன்னார், நெஞ்சில் கை வைத்து.

மறுநாள் காலை மதாம் அண்ணியைக் கூப்பிட்டார். ‘அலோர்’ விழுந்த விதத்திலேயே விஷயம் தெரிந்துவிட்டதாம்.

“அந்த லேடி எனக்கு மெசேஜ் போட்டிருக்காங்க. எல்லாரும் எவ்ளோ அன்பா இருக்கீங்க, கொஞ்சம் அமைதி கெடைக்க வாய்ப்பு இருக்கான்னு கேட்டிருக்காங்க. இவ்ளோ அழகா எழுதியிருக்காங்கன்னா எவ்ளோ கோவமா இருப்பாங்கன்னு யோசி. இது ஓட்டலா, எழவு வீடா? அஞ்சு பேரு போயிருக்கீங்க! இனிமே நீ மாடிப் பக்கம் போவக் கூடாது. இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா, ஏஜென்சியில ஒரு பொண்ணு காத்துகினு இருக்கு, அவளைப் போட்டுடுவேன்.”

அன்று சாயங்காலம் வண்டியில் அண்ணி எதையும் சொல்லிப் பார்க்கவில்லை. கோட்டக்குப்பத்தில் நான் நிறுத்தவும் இல்லை.

“அர்த்தம் கரெக்டாதானே சொன்ன?” என்றார் கடைசியில்.

“கரெக்ட்தான் அண்ணி.”

“அப்புறம் எங்கடா தப்பு?”

யோசித்துப் பார்த்தேன். நம் வீட்டுக்கு வந்தவர் ‘எதுக்குங்க இதெல்லாம்’ என்றால் நாம் நிறுத்துவோமா? நிறுத்தினால் அவர் முகம் சுருங்கிவிடும். இன்னும் ரெண்டு தடவை வற்புறுத்த வேண்டும், அவர் ரெண்டு தடவை மறுக்க வேண்டும், அப்புறம்தான் கை இலைக்கு வரும். அந்தப் பெண்மணியும் அதே சொல்லைச் சொன்னார். ஆனால் அவர் ஊரில் அதற்குப் பிறகு எதிராளி நிறுத்திவிடுவான் போல. எளநி குடித்த வெள்ளைக்கார அம்மாவை வைத்து நான் அதைக் கண்டுபிடித்திருக்க முடியாது. அவருக்கு நான் இரண்டாவது எளநி வாங்கித் தரவே இல்லையே.

“மிச்சம் இருக்கிற நாளு வாயத் தொறக்காம உக்காருங்க. வாரம் ஓடிடும்” என்றேன்.

அண்ணி அப்படித்தான் உட்கார்ந்தார். மறுநாள் பிற்பகல் நான் விடுதியில் தங்கியிருந்த ஒருவருக்கு ஹெல்மெட் கொடுக்கப் போனபோது, அண்ணி மாடிப்படியைப் பார்த்தபடி இருந்தார். மதாம் முற்றத்தில் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

“அந்த மேடம் காலைல இருந்து கீழ வரல. டிபனும் சொல்லல” என்று அண்ணி கிசுகிசுத்தார்.

“அமைதியா இருக்காங்க. அதத்தானே கேட்டாங்க?”

போன் அடித்தது. அண்ணி எடுத்து எனக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டார். அந்தப் பெண்மணிதான். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல இருந்தது. தொந்தரவுக்கு மன்னிக்க வேண்டும், ஒன்றுமே இல்லை, குடிக்கத் தண்ணீர் இன்னும் கொஞ்சம் கிடைக்குமா என்றுதான். “நோ ரஷ் அட் ஆல். வெனெவர்.”

அண்ணி கையால் போனைப் பொத்திக்கொண்டார்.

“நோ ரஷ்னா?”

“அவசரம் இல்ல.”

“அவங்க ஊர் அவசரம் இல்லியா, நம்ம ஊர் அவசரம் இல்லியா?”

என் கடையில் ‘நோ ரஷ்’ சொன்னவர்களில் சிலர் நிழலில் உட்கார்ந்து புத்தகம் படித்திருக்கிறார்கள். சிலர் வாட்ச்சைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள். இந்தப் பெண்மணியின் கையையும் காலையும் போன் வழியாகப் பார்க்க வழியில்லை.

“வாட்ச்மேனை வுட்டுத் தண்ணி குடுத்து அனுப்பிச்சிடலாம் அண்ணி. நீங்க போவாதீங்க. வேலை போயிடும்.”

“குரலக் கேட்டியா நீ?”

கேட்டிருந்தேன்.

மாடிக்குப் போனால் அமைதியைக் கெடுத்த குற்றம், வேலை போகும். போகாவிட்டால் அங்கே ஒருத்தர் எந்த நிலையில் இருக்கிறாரோ. மூன்றாவதாக ஒரு வழி இருந்தது, ஆனால் எங்கள் வளர்ப்பில் அது வாயில் வராது. வந்தவர்களிடம் ‘காபி வேணுமா, வேணாமா?’ என்று யாராவது கேட்பார்களா? போட்டுக் கொண்டுவந்து வைப்பதுதானே மரியாதை. அப்படி நேராகக் கேட்ட வீட்டை ஊரே பேசும்.

அண்ணி போனிலிருந்து கையை எடுத்தார். முதுகை நிமிர்த்திக்கொண்டார். வகுப்பில் பாடம் ஒப்பிப்பது போல, ஒவ்வொரு வார்த்தையாக ஆங்கிலத்தில் கேட்டார்.

“மேடம். ஒரே ஒரு கேள்வி. நான் இப்போது உங்கள் அறைக்குள் வர வேண்டுமா? யெஸ் ஆர் நோ சொல்லுங்கள். நோ என்றால் எனக்கு வருத்தம் கிடையாது.”

மதாம் பூவாளியோடு உள்ளே வந்தது அந்த நேரம்தான். நெற்றியில் அடித்துக்கொண்டார். “இன்னா இது, போலீஸ்காரன் கேக்குற மாதிரி!”

அண்ணி போனையே பார்த்துக்கொண்டு நின்றார். விரல் மட்டும் மேஜை விளிம்பைப் பிடித்திருந்தது.

“யெஸ்” என்று வந்தது. அப்புறம் உடைந்த குரலில், “யெஸ், ப்ளீஸ். கம்.”

மாற்றுச்சாவியை மதாமே எடுத்தார். பூவாளியைக் கீழே வைக்கவும் மறந்து, அண்ணியின் பின்னாலேயே படியேறினார். உள்ளே அந்தப் பெண்மணி கட்டிலிலிருந்து எழுந்து நிற்க முடியாமல் கிடந்தார். இரவெல்லாம் வயிற்றுப்போக்கு, உதடெல்லாம் காய்ந்து போயிருந்தது. அமைதி வேண்டும் என்று கேட்டுவிட்டு, மறுநாளே ஆளைக் கூப்பிட அவருக்குக் கூச்சம். அதனால் விடிந்ததிலிருந்து பாட்டிலில் இருந்த தண்ணீரை மிடறு மிடறாகக் குடித்துக்கொண்டு இருந்திருக்கிறார்.

நான் ஆட்டோ கூட்டி வந்தேன். பக்கத்துத் தெரு கிளினிக்கில் ட்ரிப்ஸ் ஏற்றினார்கள். இன்னும் தாமதித்திருந்தால் பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டியிருந்திருக்கும் என்றார் டாக்டர். மிளகு ரசத்தால் இப்படி ஆகுமா என்று நான் டாக்டரிடம் கேட்டபோது, அண்ணி என் காலை மிதித்தார்.

அன்று சாயங்காலம் அந்தப் பெண்மணி அறைக்குத் திரும்பியதும், அண்ணி வாசலுக்கு வெளியே ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை, கதவைத் திறக்காமல் உள்ளே கேட்டார்.

“மேடம், தண்ணீர்? யெஸ் ஆர் நோ?”

“யெஸ்.”

“கஞ்சி?”

“நோ!”

அந்த ‘நோ’வில் இருந்த நிம்மதியை நான் இதுவரை எந்த டூரிஸ்ட்டிடமும் கேட்டதில்லை. தாங்க்யூ கிடையாது, ஸாரி கிடையாது, சுற்றி வளைப்பு கிடையாது. கொஞ்ச நேரத்தில் உள்ளிருந்து சிரிப்புச் சத்தமும் வந்தது. அண்ணியும் இந்தப் பக்கம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். விஷயத்தை அம்மாவிடம் சொன்னபோது அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

“நோவுல கெடக்குறவகிட்ட வேணுமா வேணாமானா கேட்டே? நம்ம வூட்டு மானமே போச்சு.”

வார முடிவில் அந்தப் பெண்மணி கிளம்பினார். அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். டாக்ஸி போனதும் மதாம் ரிசப்ஷனுக்கு வந்து, அடுத்த வாரம் வருகிறவர்களின் விவரத்தைப் படித்துக்கொண்டே பேசினார்.

“அலோர், திங்கக்கிழமை ஒரு குடும்பம் வருது. அதுல இருக்கிற பெரியவருக்கு இன்னா சாப்பாடு ஒத்துக்கும்னு யாரும் சொல்ல மாட்டேங்குறாங்க. நான் கேட்டா சுத்தி வளைச்சிகினு இருப்பேன். நீ கேட்டுடு.”

அண்ணிக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. “திங்கக்கிழமையா மேடம்? எனக்கு இன்னியோட ஒரு வாரம் முடியுது.”

“அதனால இன்னா? வரமாட்டியா? யெஸ் ஆர் நோ?”

இதை அண்ணி அன்று ராத்திரி சாப்பாட்டின்போது மதாமின் குரலிலேயே நடித்துக் காட்டினார். அப்பா சிரித்தார். அம்மா, “சம்பளம் ஒழுங்கா குடுக்குமா அது?” என்றார். அண்ணன் தட்டைப் பார்த்து மீன்முள்ளை ஒதுக்கிக்கொண்டிருந்தான். அண்ணியின் கண் அவன் மேலேயே இருந்தது.

கை கழுவிவிட்டு வந்து, துண்டில் துடைத்துக்கொண்டே கேட்டான்.

“காலைல எத்தினி மணிக்கு அங்க இருக்கணும்?”

“ஒம்பதுக்கு” என்றார் அண்ணி.

“கரைக்கு வந்ததும் நானே கொண்டுபோய் வுடுறேன். இவன் ஓட்டுற லட்சணத்துக்கு நீ போய்ச் சேர மாட்டே.”

இத்தனை நாள் நான்தான் ஓட்டினேன் என்று ஞாபகப்படுத்தினேன். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அண்ணி எழுந்து போய், திங்கட்கிழமைக்கான புடவையை எடுத்து இஸ்திரி போட ஆரம்பித்தார்.